கைவினையும் திருவருளும்

இடுக்கண் வந்துற்ற காலத்து மக்கள் இருதிறப்படுதல் உலகியலிற் காணப்படுவதாம். ஒருசாரார், 'எல்லாம் இறைவன் செயல். நாம் செய்யக்கிடந்தது யாதுமில்லை' என்று கூறி வாளாவிருப்பர். மற்றொருசாரார், 'தெய்வம் என் செய்யும்? கையுங் காலுமே துணை' என்று திருக்கோயில் வாயிலையும் மறந்து ஓடுவர். இருசாராரும் தத்தங் கொள்கைக்கு நூல்களிற் சான்று தேடிக்கொள்ளுதல் உண்டு. திருக்குறளில் ஊழ் என்னும் அதிகாரம் முன்னையோர்க்குப் பற்றுக்கோடு. ஆள்வினையுடைமை பின்னையோர்க்குப் பற்றுக்கோடு. திருவள்ளுவனார் இவ்விரண்டனையும் ஒரு நூலகத்தே வைத்தது என்னை என்று ஆராயப்புகுவார் சிலரே.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. கொங்குநாட்டிலே நொய்யலாற்றங்கரையில் உள்ள திருப்பூர் நகரம் பின்னலாடைத் தொழிலாற் பல இலட்சம் மக்கட்கு ஊணளிப்பது. நூலைப் பின்னுதல், வெளுத்தல், சாயமேற்றல், வெட்டுதல், தைத்தல், பிழைபார்த்தல், பெட்டியிலடைத்தல் எனப் பல கூறாகப் பிரிந்து, ஒவ்வொரு கூறும் வெவ்வேறு பட்டறைகளில் நடைபெறுதலின், ஒன்று நின்றால் ஏனையவும் நிற்கும். ஆங்கு நின்ற காலங்களும் பல. 2008இல் மேனாடுகளில் நேர்ந்த பொருள்முடை, 2011இல் சாயப்பட்டறைகள் அடைக்கப்பட்டமை, 2016 நவம்பரிற் பணத்தாள்கள் செல்லாவாயினமை, 2020 மார்ச்சில் நோய்த்தொற்று அச்சத்தால் நாடெங்கும் கதவடைத்தமை, 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசாங்கம் இந்தியச் சரக்கின்மேல் நூற்றுக்கு 50 வீதம் வரி சுமத்தினமை ஆகிய இவையெல்லாம் பதினேழாண்டு எல்லைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சனிக்கிழமைதோறுங் கூலி வாங்கி அரிசிக்கடைக் கணக்கைத் தீர்க்கும் தொழிலாளி ஒருவன், வரும் சனிக்கிழமை கூலியில்லை என்று கேட்டபொழுது, முதலிற் செல்லவேண்டுவது கோயிலுக்கோ வேலைதேடி வேறிடத்துக்கோ என்பதே அவன் வாழ்க்கையில் இவ்வினா எடுக்கும் உருவம்.

இதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. கொங்குநாட்டிலேயே அது பாடியருளப்பட்டுள்ளது. திருஞானசம்பந்த சுவாமிகள் 7ஆம் நூற்றாண்டில் அந்நாட்டிற்கு எழுந்தருளித் திருக்கொடிமாடச்செங்குன்றூரில் தங்கியிருந்தபொழுது பனிக்காலம் வந்தது. உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றி நலிந்தது. அது அந்நிலத்தின் தன்மையேயாயினும் அடியாரைத் தொடரற்பாலதன்று என்று திருவுளங்கொண்டு பிள்ளையார் அருளிச்செய்ததே திருநீலகண்டத் திருப்பதிகம். அதனைப் பாடியபின் சுரம் அவ்விடத்தை விட்டு நீங்கிற்று என்பது சேக்கிழார் பெருமான் வாக்கு. கற்றோரும் மற்றோரும் நோய் நீங்குதற்பொருட்டு அதனை ஓதிவருதல் யாவரும் அறிந்ததே.

ஆயினும் ஓதுவார் பலர் அதன் முதற்றிருப்பாட்டின் கருத்தை ஊன்றி நோக்குதல் இல்லை. பிள்ளையார் அங்கே நோயைக் கடிந்துரைக்கவில்லை. நோயுற்ற அடியாரையே வினாவுகின்றார். முன்செய்த வினைக்கு இப்பொழுதுற்ற பயன் இது என்று சொல்லிவிட்டு, உய்தற்குரிய செயலை நாடாமல் இருந்துவிடுதல் குறைபாடன்றோ என்பது அவ்வினாவின் கருத்து. அதன்பின்னரே, கையாற் செய்யும் வினையினைச் செய்து பெருமான் திருவடியைப் போற்றுவோம் என்று அவர்களைத் தம்மோடு கூட்டி அழைக்கின்றார். வினைக்கொள்கையை உடன்பட்டுக்கொண்டே, அதனைச் சோம்பலுக்குப் போர்வையாக்குவாரை மறுத்தபடி இது.

கைவினை என்பது பூசை முதலிய சிவபுண்ணியத்தையே குறிக்கும், உலகத்தொழிலைக் குறியாது என்பாரும் உளர். அவ்வுரை பொருந்துவதே. ஆனால் அடுத்த திருப்பாட்டில் இருபொழுதும் பூக்கொய்து வழிபடுதலோடு சேர்த்து ஓதப்படுவன சோலை வைத்தலும் குளங்கள் பல தோண்டுதலுமாம். குளந்தோண்டுதல் கண்மூடி நாசிநுனி நோக்கியிருந்து செய்யுஞ் செயலன்று. மண்வெட்டியும் கூடையும் தோள்வலியும் வேண்டுவது. அதனால் வரும் நீரை உண்பார் சிவனடியார் மட்டுமல்லர், ஊரெல்லாம் உண்ணும். உள்ளம் கனிந்து செய்யப்படின் அதுவும் வழிபாட்டின்பாற் படும் என்பதே பிள்ளையார் திருவுளக்கருத்தாகத் தோன்றுகின்றது.

அற்றேல், பேறும் இழவும், இன்பமும் பிணியும், மூப்பும் சாக்காடும் ஆகிய ஆறும் கருவினுள்ளேயே அமைந்துவிட்டன என்று அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரில் அருளிச்செய்திருப்ப, முயற்சியாற் பயனென்னை என்று வினாவலாம். இது பெரிதும் நிகழுந் தடை. ஊழ் இன்னதென்பது நுகர்ந்தபின்னரன்றி நுகருமுன் எவர்க்கும் விளங்குவதன்று. விளங்காத ஒன்றை விளங்கியதுபோலக் காட்டி, 'எனக்கு விதித்தது இவ்வளவே' என்று ஒருவன் கைசோர்வானாயின், அவன் ஊழை நம்பினவனல்லன். தன் மடியை நம்பினவன். மேலும், நுகர்வினையும் முயற்சியென்னும் வாயில் வழியாகவே வந்து பொருந்தும். விளைவு விதித்திருப்பினும் உழாத நிலத்தில் நெல் விளைந்தது யாண்டுமில்லை. இனி, பிராரத்தம் நுகரப்படும் அக்கணத்திலேயே ஆகாமியமும் ஏறுகின்றது. துன்பத்தை நுகருங்கால் ஒருவன் நேர்மையோடு நுகர்கின்றானா, பிறரை வஞ்சித்துத் தப்பமுயல்கின்றானா என்பது அவன் வழியே நிகழும் புதுவினை. ஆள்வினையுடைமையில் வள்ளுவனார் தெய்வத்தாலாகாத இடத்தும் முயற்சி மெய்வருத்தத்தின் அளவுக்குக் கூலி கொடுக்கும் என்றதற்கு, அங்குத் தெய்வமென்றது ஊழையே எனப் பரிமேலழகர் கொண்டதும் இவ்விரண்டும் தம்முள் மாறுபடாமை காட்டும்.

சித்தாந்த நெறியில் இதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. கேவல நிலையில் உயிர் ஆணவ இருளில் அழுந்தித் தன்னையும் அறியாது, ஒன்றுஞ் செய்யமாட்டாது கிடந்தது. இறைவன் தன் பெருங்கருணையால் அதற்குத் தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கனையும் கூட்டினான். எனவே, கையென்பது உயிர் தானே ஈட்டிய உடைமையன்று. அருள் கொடுத்த கருவி. ஒருவன் அக்கருவியை மடியில் வைத்துக்கொண்டு, 'ஆண்டவனே, கைகொடு' என்று வேண்டுவானாயின், முன்னே கொடுத்ததை வாங்காது மறுபடியுங் கேட்கின்றவனாகின்றான். அங்ஙனமே, அக்கையின் வலியைத் தன் வலியென்று கருதிச் செருக்குவானும் கொடுத்தானை மறந்தவனாவான். கைவிரித்திருப்பானும் கைவீசிச் செருக்குவானும் ஒரே பிழையின் இருபுறத்தும் நிற்கின்றனர். மெய்கண்டதேவர் கூறிய இறைபணி நிற்றல் என்பதும் செயலற்றிருத்தலன்று. பணியென்ற சொல்லே அதனை விளக்கும்.

திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தகாலத்து நிகழ்ந்த செய்தி இவ்விடத்து நினைக்கத்தக்கது. மழை பொய்த்து அடியார் வருந்தியபொழுது பெருமான் கனவில் தோன்றி, திருஞானசம்பந்தர்க்குக் கிழக்குப் பீடத்திலும் திருநாவுக்கரசர்க்கு மேற்குப் பீடத்திலும் நாடோறும் ஒவ்வொரு பொற்காசு வைத்தருளினார். அருளால் வந்த காசேயாயினும் அது நேரே சோறாகிவிடவில்லை. ஏவலாளர் அதனைக் கடைவீதிக்குக் கொண்டுபோய் அரிசியும் காயும் வாங்கினர், அடுப்பு மூட்டினர், சமைத்தனர், அடியாரெல்லாம் வந்து உண்க எனப் பறை சாற்றினர். அரசர் திருமடத்தில் உரியபொழுதில் அமுது நடந்தது. பிள்ளையார் திருமடத்திலோ பொழுது தாழ்த்தது. அதற்குக் காரணம் வினாவியபோது, பிள்ளையார் பெறுங் காசுக்கு வணிகர் வாசி, அஃதாவது வட்டம், கேட்கின்றனர் எனவும், அரசர் பெறுங் காசுக்கு அது கேட்பதில்லை எனவும் அடுக்களையார் விண்ணப்பித்தனர்.

இவ்வேறுபாட்டிற்குச் சேக்கிழார் பெருமான் காட்டிய காரணம் வியக்கத்தக்கது. பிள்ளையார் உமையம்மையார் திருமுலைப்பால் உண்ட மகனார். அரசரோ உழவாரப்படை ஏந்திக் கைத்தொண்டு செய்த அடியவர். ஆதலால் அவர்க்கு வாசியில்லாக் காசு கிடைத்தது என்பது. இது கொண்டு அருளாளர் இருவர்க்குள்ளே ஏற்றத்தாழ்வு கூறப்புகுதல் அபசாரமாம். மகனுக்குக் கொடுப்பதில் தந்தை விளையாட்டும் செய்வான். வேலைசெய்தானுக்குக் கொடுக்குங் கூலியில் விளையாட்டில்லை. பிள்ளையாரும் அக்குறை நீங்கப் பதிகம் பாடி நற்காசு பெற்றனர். பஞ்சகாலத்தே அடியார் பசியோடு காத்திருத்தலைக் கண்டு அவர் முதலில் செய்தது, தாழ்த்தது ஏன் என்று அடுக்களையை விசாரித்ததே என்பதும் நோக்கற்பாலது. (வாசியென்னுஞ் சொல் வழக்கிறந்துபோயினும் பொருள் போகவில்லை. பிறநாட்டு வணிகன் விலையிற் குறைத்துக்கொண்டே பணம் அனுப்புவதைத் திருப்பூர்த் தொழிலதிபர் நன்கறிவர்.)

இனி, நொய்யலின் செய்தியைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். வெள்ளியங்கிரி மலைச்சாரலிற் பிறந்து, திருப்பேரூர் வழியே காஞ்சிமாநதியெனப் புராணம் போற்ற ஓடி, கரூர்ப் பகுதியிற் காவிரியோடு கலக்கும் அவ்வாறு, திருப்பூரைக் கடக்குமிடத்துப் பல்லாண்டுகளாகச் சாயக்கழிவையும் உப்பையும் சுமந்தது. பருத்தியிற் சாயம் பற்றுதற்கு மிகுதியான உப்பு வேண்டும். அவ்வுப்புத் துணியில் நில்லாது நீரோடு வெளியேறும். 1990களின் தொடக்கத்தில் உழவர்க்கு நீருதவும்பொருட்டு ஒரத்துப்பாளையத்திற் கட்டப்பட்ட அணை, சாயநீரைத் தேக்கிவைக்குங் குட்டையாயிற்று. கீழ்நிலத்துக் கிணறுகள் உவர்த்தன; வயல்கள் கெட்டன. நொய்யலாற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தார் 2003இல் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினர். கழிவுநீர் ஒருதுளியும் ஆற்றிற் செல்லலாகாதென 2006இல் தீர்ப்பாயிற்று. 2009இல் உச்சநீதிமன்றமும் அதனை நிலைநிறுத்திற்று. அதன்பின்னும் அது நிறைவேறாமையால் 2011 ஜனவரி 28ஆம் நாள் சாயப்பட்டறைகள் அனைத்தையும் அடைக்குமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகள் அடைபட்டன. சாயமில்லாமையால் தையலும் தளர்ந்தது.

அந்நாட்களில் அவிநாசியப்பர் திருமுன்னிலையில் இருவர் அடுத்தடுத்து நின்று வேண்டுவதாகக் கருதுக. ஒருவர் சாயப்பட்டறைக்காரர்; 'பெருமானே, பட்டறை திறக்கவேண்டும்; கடன் தலைக்குமேல் நிற்கின்றது; வேலையாட்கள் ஊர்திரும்புகின்றனர்' என்கின்றார். மற்றவர் கீழ்நிலத்து உழவர். 'பெருமானே, அது திறக்கலாகாது. என் கிணறு கெட்டது. மாடும் அந்நீரை உண்ணாது' என்கின்றார். இருவர் நெற்றியிலும் திருநீறு. இருவர் கண்ணிலும் நீர். இறைவன் எவர் வேண்டுகோளை ஏற்பான்? வேண்டுவது மட்டுமே வழிபாடு என்று கொள்வார் இவ்விடத்து விடைகாணாது மயங்குவர். ஒருவரை மகிழ்விக்க மற்றவரைக் கெடுப்பவன் இறைவனாகான்.

சாயப்பட்டறைக்காரர்க்கு வந்த இடுக்கண் எப்பிறப்பிற் செய்த வினையோ என்று ஆராயவேண்டுவதில்லை. இப்பிறப்பில், இக்கையால், இவ்வாற்றிற் செய்யப்பட்டதே அது. செங்குன்றூரிற் பிள்ளையார் வினாவிய வினா அவர்க்கே எடுத்துக்கூறியது போன்றுள்ளது. அவர் வேண்டுகோள் மெய்யாயின், கோயிலினின்றுந் திரும்பியபின் முதற்கண் அவர் கை மாறவேண்டும். உழவரும் வேண்டியதோடு அமைந்தாரல்லர். சங்கங் கூடிப் பணந்திரட்டி, ஆண்டாண்டாக நீதிமன்றப்படி ஏறியிறங்கினர். அவர்தம் கைவினை அது.

அப்பதிகத்திற்குத் திருநீலகண்டம் என்று பெயராயினமை இங்கு வேறொரு பொருளும் பயக்கின்றது. கடலில் எழுந்த நஞ்சைப் பெருமான் உலகின்மேற் செல்லவிடவில்லை. தன் கண்டத்தே நிறுத்தினான். பட்டறைக்காரர் செய்யவேண்டியிருந்ததும் நஞ்சைத் தம் மதிலுக்குள்ளேயே நிறுத்துதல்தான். பலர் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைத் திருத்தியமைத்தனர். சாயநீரை நுண்ணிய சவ்வுகளின் வழியே அழுத்தி நன்னீரைப் பிரித்தனர். எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி உப்பை மீட்டு மறுபடியுஞ் சாயத்தொட்டிக்கே சேர்த்தனர். செலவு பெரிது. அது தாங்கமாட்டாது தொழிலை விட்ட சிறியோர் பலர். மறைவாகக் கழிவுநீர் விடுவார் அறவே ஒழிந்தனர் என்று சொல்லுதற்கும் இல்லை. ஆயினும், வேண்டுதலோடு கைவினை கூடியபொழுதே பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

தம் கையால் விளையாத இடுக்கணும் உண்டு. 2020இல் வந்த நோயும் 2025இல் வந்த வரியும் ஓவர்லாக் இயந்திரத்தின் முன்னிருந்து தைக்கும் பெண்ணொருத்தியின் வினையென்று எவருங் கூறார். இயந்திரமே நின்றுவிட்டால் அவள் எதனை முயல்வது? 'முயற்சி திருவினையாக்கும்' என்று அவளிடஞ் சென்று உபதேசித்தல் கொடுமையாம். இவ்விடத்து முயலவேண்டியவர் கையில் வலியுள்ள பிறரே. காஞ்சியில் ஏகாலியர் குலத்து வந்த திருக்குறிப்புத்தொண்டர், மாலைக்குள் தருவதாக உறுதிகூறிக் கந்தையை வாங்கித் துவைத்தார், மழை விடவில்லை. செய்யக்கூடியது அனைத்துஞ் செய்தும் துணி உலர்ந்திலது. அடியவர் திருமேனி குளிரால் நடுங்குமே என்று ஆற்றாது அவர் தம் தலையைக் கல்லில் மோதப்புகுந்தபோது, இறைவன் திருக்கை எழுந்து தடுத்தது. முயற்சியின் எல்லையிலே அருள் கைநீட்டிய இடம் இது. இதனைப் படிப்பார் பிழைபட உணர்தல் கூடாது. அவர் வருந்தியது தம் இழப்புக்கன்று. மேலும் அக்கை எழுந்தது சாவைத் தடுத்தற்கேயன்றி ஒப்புதற்கன்று. கடனும் வேலையின்மையும் நெருக்கி உயிர்விடத் துணிவாரைத் தடுத்துப் பிடிக்கும் அயலான் கையை அக்கையின் வழிவந்தது என்று கொள்ளுதல் குற்றமாகாது.

கம்பிலியிற் சாலியர் குலத்துத் தோன்றிய நேசநாயனாரும் இவ்விடத்து நினைக்கத்தக்கவர். அவர் வரலாறு பெரியபுராணத்தில் மிகச் சுருங்கியது. அற்புதம் ஒன்றும் அதில் இல்லை. மனத்தைத் திருவடிக்கும், வாக்கைத் திருவைந்தெழுத்துக்கும், கைத்தொழிலை அடியார்க்கும் ஆக்கினார். உடையும் கீளும் கோவணமும் நெய்து, வந்தார்க்கு வேண்டியபடி கொடுத்தார். அவ்வளவே. தறியை நிறுத்திவிட்டு அவர் ஐந்தெழுத்து ஓதினாரல்லர். ஓதுதலை நிறுத்திவிட்டு நெய்தாருமல்லர்.

இக்கருத்துச் சைவர்க்கே உரியதென்று எண்ணற்க. 6ஆம் நூற்றாண்டில் இத்தாலிய நாட்டில் வாழ்ந்த பெனடிக்ட் என்னும் கிறித்தவத் துறவி, தம் மடத்தார்க்கு வகுத்த விதியில் தோத்திர வேளைகளுக்கு இடையிடையே கையால் உழைத்தற்குரிய நாழிகைகளையும் வரையறுத்தார். ஆடையும் உணவுமின்றி நிற்பாரை நல்வார்த்தை சொல்லி மட்டும் அனுப்புதலாற் பயனில்லை என்ற கருத்து அச்சமயத்தாரது யாக்கோபு நிருபத்தில் உள்ளது. உலகுக்கு ஆடை தைக்கும் ஊரிலே, எச்சமயத்தாராயினும், இதனைப் படிப்பார்க்குப் பொருள் விளங்கும்.

திருப்பூருக்கு வடமேற்கேயுள்ள திருப்புக்கொளியூர் அவிநாசிக்குச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் எழுந்தருளியபொழுது, ஒரு வீட்டில் மங்கல ஒலியும் அதன் எதிர்வீட்டில் அழுகை ஒலியும் கேட்டன. பாடுதற்கு முன் அவர் நின்றார். இது என்னை என்று வினாவினார். நீராடச் சென்ற சிறுவர் இருவருள் ஒருவனை முதலை விழுங்கிற்று; பிழைத்தவனுக்கு அன்று உபநயனம் நடக்கின்றது; அதனைக் கேட்டு மற்றவன் தாய்தந்தையர் அழுகின்றனர் என்று அங்குள்ளார் கூறினர். அவ்விருவரும் தம் துயரை மறைத்துக்கொண்டு, முகமலர்ந்து வந்து சுவாமிகளை வணங்கினர். அவர் நின்றவிடத்தே பாடிவிடவில்லை. முதலை பிள்ளையை விழுங்கிய மடு எங்குள்ளது என்று கேட்டறிந்து, அதன் கரைக்கு நடந்தார்.